கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் கடல்

பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர்கள் வரும்போதே தங்கள் கடலையும் கூடக் கொண்டுவந்திருந்தார்கள். முழுக் கடலும் இல்லை, அவரவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பாகம் மட்டும். விட்டுவிட்டு வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? போர்வையிலும் சாரத்திலும் மூட்டையாகக் கட்டி, அலை கசங்காமல் லாரியில் ஏற்றி, அடிவானத்தைப் பாய்போலச் சுருட்டி மேலே வைத்துக்கொண்டு எருக்கலம்பட்டியில் வந்து இறங்கினார்கள். எருக்கலம்பட்டி கரிசல்காட்டு நடுவில் இருக்கிற ஊர். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு.

அதிகாரிகள் அவர்களுக்குச் சந்தைத்திடலை ஒதுக்கினார்கள். சந்தை பைபாஸ் ரோட்டுப் பக்கம் போய்விட்டபிறகு திடல் சும்மாதான் கிடந்தது. வந்தவர்கள் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, நடுவில் மூட்டைகளை அவிழ்த்துக் கடலை விரித்தார்கள். அடிவானத்தை வேப்பமரத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து சூரியன் அங்கேயே மறையத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் அது பஞ்சாலைக்குப் பின்னால் எங்கேயோ மறைந்துகொண்டிருந்தது. ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை.

சந்தைப்பேட்டைத் தெருக்காரர்கள் பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களுக்குப் பழைய சேலை கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் "பாவம், நல்ல சனங்க" என்று பரிந்து பேசவும் செய்தார்கள். அவர்களுடைய குறையெல்லாம் கடலைப் பற்றித்தான். காய்ந்த துணி பிசுபிசுத்தது. சைக்கிள் துருப்பிடித்தது. நண்டு ஒன்று தபால்காரரின் செருப்புக்குள் குடியேறியது. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பார்களே, இவர்கள் பாய் கேட்கவில்லை, அடிவானத்தையே பாயாகச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் உப்புக் கரித்தது.

இதில் உண்மையாகவே தலைவலி வந்தது தையல்நாயகிக்கு. அவள் மாவு மில் நடத்துகிறவள். வீட்டுக்கு முன்பக்கம் மில், பின்பக்கம் கொல்லை, கொல்லைச் சுவரைத் தாண்டினால் சந்தைத்திடல். அவளுக்கு ஒரே மகள், சுடர்க்கொடி. ஆவணியில் கல்யாணம். அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமும் சந்தைத்திடலில் பந்தல் போட்டுத்தான் நடக்கும். மண்டபத்துக்குப் போனால் 'இவளுக்குத் தெருவில் ஆள் இல்லை' என்று அர்த்தமாகிவிடும். எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் அந்தத் திடலில் இலை போட்டிருக்கிறாள், சாம்பார் வாளி தூக்கியிருக்கிறாள். தன் முறை வரும்போது தெருவே தனக்காகத் திரண்டு நிற்க வேண்டும் என்பது அவளுக்கு எத்தனை வருஷத்து ஆசை! இப்போது முறை வந்தது, திடலில் அலை அடித்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகையில் 'சந்தைத்திடல்' என்று அச்சடித்தும் ஆகிவிட்டது.

பிள்ளையார் கோயில் முன்னால் தெருக் கூட்டம் போட்டார்கள். தெருத் தலைவர் இரும்புக்கடை பலவேசம். அவர் கையில் ஒரு கைப்பிடி ஆணி. கடையில் புதிதாக வந்த ஆணி, பழைய ஆணியைப் போலச் சிவந்திருந்தது.

"வந்தவங்க வரட்டும். வேண்டாங்கலை. கடலை எதுக்குய்யா கூட்டிட்டு வரணும்?" என்றார். "நம்ம பயலுகளுந்தான் துபாய்க்குப் போறானுக. கண்மாயையா தூக்கிட்டுப் போறானுக?"

கூட்டம் தலையாட்டியது. கண்மாயை ஒருவரும் தூக்கிக்கொண்டு போனதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

பலவேசத்தின் மனைவி கோமதியம்மாள்தான் ஒரு சிக்கலைக் கிளப்பினாள். "காத்துல உப்பு வருது. அது நம்ம குழம்புல விழுது. அவங்க உப்பைத் தின்னாச்சே. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்காகளே."

பலவேசம் நெடுநேரம் யோசித்தார். "கையால போட்டாத்தான் உப்பு. காத்துல வந்தது கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கடலை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கச் சொல்வது என்று முடிவானது. போய்ச் சொல்ல வேண்டியவள் தையல்நாயகி. சுவர் அவளுடையது, கல்யாணமும் அவளுடையது.

"பக்குவமாச் சொல்லு தாயி" என்றார் பலவேசம். "மனசு நோகாம."

ஒருவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. இடத்தைக் காலி செய்யுங்கள் என்று சொல்லப் போனாலும் அதே முறைதான். இன்னும் சொன்னால் அதற்குத்தான் இனிப்பாக ஏதாவது வேண்டும். தையல்நாயகி கருப்பட்டிப் பணியாரம் சுட்டுத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சுவரை ஒட்டிய கொட்டகையில் நேசமலர் இருந்தாள். தையல்நாயகியைவிட ஏழெட்டு வயது இளையவள். கடல் ஓரத்தில் அலை கொண்டுவந்து போட்ட வேப்பிலைகளை ஈர்க்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அக்கா. மில்லுக்கார அக்கா எல்லே? இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்று ஓடினாள்.

தேநீர் வந்தது. பணியாரம் திறக்கப்பட்டது. தையல்நாயகி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கடல் சத்தம் உங்களுக்குக் கரைச்சலோ அக்கா?" என்று நேசமலர் முந்திக்கொண்டாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தையல்நாயகியின் வாய் சொல்லிவிட்டது. கேட்டவுடன் அப்படிச் சொல்லிப் பழகிய வாய்.

"போன இடத்திலயெல்லாம் மூட்டையை அவிழ்க்கவே விடேல்லை அக்கா. கட்டினபடியே வச்சிருந்தால் கடல் புளிச்சுப்போகும். இஞ்சைதான் முதல்முதலா அவிழ்த்து விட்டனாங்கள். பாருங்கோ, எப்பிடி நிமிர்ந்து படுத்திருக்கெண்டு."

தையல்நாயகி பார்த்தாள். கடல் நன்றாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது. படுத்திருக்கிறவனை எழுப்பி இடம் கேட்பது எப்படி? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது, தூக்குச்சட்டி அங்கேயே நின்றுவிட்டது.

எருக்கலம்பட்டியில் ஒரு முறை உண்டு. உன் பாத்திரம் அவர்கள் வீட்டிலோ அவர்கள் பாத்திரம் உன் வீட்டிலோ இருக்கிறவரைக்கும் கடுஞ்சொல் பேசக்கூடாது. பேசினால் பாத்திரம் போனது போனதுதான், யார் போய்க் கேட்பது? இதனால் ஊரில் பல சண்டைகள் வருஷக்கணக்காக ஒரு கிண்ணத்துக்காகக் காத்திருக்கின்றன. ஆகவே தூக்குச்சட்டி திரும்பி வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தையல்நாயகி பொறுத்திருந்தாள்.

மறுநாளே நேசமலர் சட்டியைக் கொண்டுவந்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்கிற முறை அவர்கள் நாட்டிலும் இருந்தது. "வேற ஒண்டும் இல்லை அக்கா, வீட்டில கிடந்ததுதான்" என்று கூச்சத்தோடு நீட்டினாள். சட்டிக்குள் ஒரு குட்டி அலை இருந்தது. விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வழியில் தளும்பக் கூடாதென்று தன்னுடைய எவர்சில்வர் தட்டு ஒன்றால் மூடியிருந்தாள்.

தையல்நாயகி அலையைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விட்டாள். அது தானாக வந்து வந்து தேய்த்துவிட்டுப் போனது, கொஞ்சம் சத்தம் போட்டாலும் வேலை சுத்தம். ஆனால் இப்போது நேசமலரின் தட்டு அவள் வீட்டில் இருந்தது. தட்டை வெறுமையாக அனுப்ப முடியாது. அதிரசம் வைத்தாள். அதிரசம் எறும்பு மொய்க்குமென்று அதன் மேல் தன் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தாள். கிண்ணம் அங்கே தங்கியது. கிண்ணத்தில் மீன் சொதி வந்தது, கூடவே சூட்டுக்குப் பிடித்துக்கொள்ள நேசமலரின் துணி. துணிக்குள் முறுக்கு முடிந்து அனுப்பினாள், முறுக்கு நொறுங்காமலிருக்க ஒரு டப்பாவில் போட்டு. இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் அவள் 'இன்றைக்குக் கணக்குத் தீர்ந்துவிடும், சொல்லிவிடலாம்' என்றுதான் போனாள்.

போகப்போகப் பேச்சு வளர்ந்தது. புட்டுக்கு அரிசிமாவை வறுக்காமல் அவிக்கிறார்களா என்று நேசமலர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வறுத்த மாவில் என்ன ருசி இருக்கும் என்று தையல்நாயகி சண்டைக்குப் போனாள். பிறகு மில்லில் சிவப்பரிசி வறுத்து அரைத்துப் பார்த்தார்கள். தையல்நாயகி மூன்று தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றாள். நேசமலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தையல்நாயகிக்கு மிகவும் பிடித்திருந்தது.

தையல்நாயகி இழுத்தடிக்கிறாள் என்று தெருவில் மற்றவர்களும் ஆளுக்கு ஆள் கடல்காரர்களைக் கண்டித்துச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார்கள். கண்டிக்கப் போகிறவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. ஒருத்தி சுண்டலோடு போனாள், ஒருத்தர் சீரணி மிட்டாயோடு போனார். கோமதியம்மாள் ஒரு சட்டி நிறைய எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்போடு போய், கண்டிக்க வேண்டியதை மறந்து, சாயங்காலம் வரை கடலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடி பிறந்தபோது தெருவில் பாதிப் பாத்திரம் கடல் பக்கம் இருந்தது, கடல்காரர்களின் பாதிப் பாத்திரம் தெருவில் இருந்தது. ஒருவரும் ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

பலவேசம் இரும்பு விற்கிறவர், வளைத்து நிமிர்த்தத் தெரிந்தவர். அவர்தான் வழி கண்டுபிடித்தார். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தித் திருப்பிக் கொடுப்பதால்தானே பாக்கி நிற்கிறது? எல்லாரும் ஒரே நேரத்தில் கொடுத்து ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டால்? பாத்திரம் வெறுமையாகவும் இருக்காது, பாக்கியும் இருக்காது. அந்த நொடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை திடல் ஓரத்தில் இந்தப் பக்கம் தெருக்காரர்களும் அந்தப் பக்கம் கடல்காரர்களும் எதிரெதிராக வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் எதிராளியின் பாத்திரம், அதில் நிறையப் பலகாரம். என்ன நடக்கப்போகிறது என்று கடல்காரர்களுக்குத் தெரியும். போன இடங்களில் பார்த்ததுதான். சிலர் அதிகாலையிலேயே கடலின் ஒரு மூலையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். நேசமலர் புட்டுக்குழலோடு நின்றாள். அது தையல்நாயகியுடையது. அவள் முகத்தைத் தையல்நாயகியால் பார்க்க முடியவில்லை.

"ம்" என்றார் பலவேசம்.

எல்லாரும் ஒரே சமயத்தில் நீட்டினார்கள், ஒரே சமயத்தில் வாங்கினார்கள். ஒரு துளி சிந்தவில்லை.

"யார் பாத்திரமும் யார் வீட்டுலயும் இல்லையே?"

"இல்லை" என்றார்கள்.

பலவேசம் வாயைத் திறந்தார்.

தையல்நாயகி இதற்காகத்தான் சித்திரையிலிருந்து காத்திருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை, திடல் அவளுக்கு. வாழைமரம் கட்டி, திடல் அடைத்துப் பந்தல் போட்டு, மகளைக் கை நிறைய வளையலோடு மணையில் உட்கார வைக்கலாம். அதை நினைத்தபோது சந்தோஷம் வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லாத கொல்லைதான் கண்ணுக்கு வந்தது. வறுத்த மாவைப் பற்றிச் சண்டை போட ஒருத்தி இல்லாத மில் வந்தது.

"ஏ நேசம்!" என்று கத்தினாள். "ஒரு கரண்டி இரவல் குடு. கல்யாணத்துக்குச் சாம்பார் கிண்டக் கரண்டி பத்தலை."

நேசமலர் திரும்பி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கடலில் விழுந்தது. கரண்டியோடு வந்து தையல்நாயகியின் கையில் திணித்தாள்.

பலவேசம் திறந்த வாயோடு நின்றார். இனி ஒன்றும் சொல்வதற்கில்லை. திறந்த வாயை வீணாக்க வேண்டாமென்று ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டார். அவர் மூடுவதற்குள் கோமதியம்மாள் எதிர் வரிசையில் போய் ஒரு சல்லடை கேட்டு வாங்கிவிட்டாள். பிறகு ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கினார்கள், உலக்கை, முறம், குத்துவிளக்குத் திரி, என்ன தேவையோ இல்லையோ. சுருட்டிய மூலையைக் கடல்காரர்கள் மறுபடி விரித்தார்கள்.

அன்று மத்தியானம் தையல்நாயகியின் வீட்டுக்காரர் ஆறுமுகப்பெருமாள் மெதுவாகக் கேட்டார். "அப்ப பந்தல் எங்க?"

"தெரியலை" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரே மகள். ஆசை ஆசையாக இருந்தது, அந்தத் திடலில் என்று. கையிலிருந்த கரண்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

சுவருக்கு மேலே நேசமலரின் தலை தெரிந்தது.

"அக்கா, கடல் எண்டால் வத்தும் தானே?"

"வத்துமா?"

"ஊரில ஒவ்வொரு நாளும் வத்தும். இஞ்சை வத்திப்போக இடம் இல்லாதபடியால்தான் வத்தேல்லை. ஒரு நாளைக்கு ஆராவது இடம் குடுத்தால் போய் இருந்திட்டு வரும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் தெரு முழுக்கக் கடலுக்கு இடம் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் அண்டா, குண்டான், கிரைண்டர் வரைக்கும் திடலுக்கு வந்தன. இடமில்லாத வீட்டுக்காரர்கள் துணி ஊறவைக்கிற வாளியைக் கொண்டுவந்தார்கள். ஆழமான பகுதியைக் கோமதியம்மாள் மாடித் தண்ணீர்த் தொட்டியில் வாங்கிக்கொண்டாள். தையல்நாயகி மில்லின் மாவுத் தொட்டியைக் காலி செய்து, நேசமலரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாகத்தைத் தானே தூக்கி வந்தாள். மிஞ்சியது அடிவானம். இவ்வளவு நீளமான சாமானை வைக்க எருக்கலம்பட்டியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, பலவேசத்தின் கடையில் கம்பி அடுக்குகிற பரண்.

பலவேசம் அதை முன்னும் பின்னும் பார்த்தார். விரலால் சுண்டினார். "இது துருப்பிடிக்காத சரக்கா இருக்கே" என்றார் மரியாதையோடு. தானே தோள் கொடுத்து ஏற்றினார்.

திடல் காய்ந்தது. பந்தல் எழுந்தது. கல்யாணத்தன்று சந்தைப்பேட்டைத் தெருவும் கடல்காரர்களும் சேர்ந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு வீட்டுக்கு இத்தனை சொந்தமா?" என்று வாயைப் பிளந்தார்கள். தையல்நாயகிக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சாம்பாரை நேசமலர் கிண்டினாள். பலவேசம் இலைக்கு இலை குனிந்து, "கூச்சப்படாமச் சாப்பிடுங்க, எல்லாம் நம்ம வீடுதான்" என்று உபசரித்தார். தாலி கட்டுகிற நேரத்தில் எல்லா வீட்டு அண்டாக்களும் ஒரே நேரத்தில் இரைந்தன. கெட்டிமேளக்காரர் அதைக் கேட்டு இன்னும் பலமாக அடித்தார்.

சாயங்காலம் கடலைத் திருப்பிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வாங்கியதை வாங்கினபடியே திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லையென்று ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் போன வருஷம் பிடித்து வைத்த மழை. எல்லாம் சேர்ந்தபோது கடல் திடலில் அடங்கவில்லை. பஞ்சாலையைத் தாண்டி, பைபாஸ் ரோட்டை ஒட்டிக்கொண்டே போய், மாப்பிள்ளையின் ஊரான வெள்ளக்கரட்டில் முட்டி நின்றது. பலவேசம் அடிவானத்தை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போய்க் கட்டிவிட்டு வந்தார். யாரையும் கூட வரவிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கப்பல் வந்தது. கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "வெள்ளக்கரடு, வெள்ளக்கரடு" என்று கூவினார். மாப்பிள்ளையின் அப்பா, இதை விட்டால் அடுத்தது எப்போதோ என்று அவசரப்படுத்தினார். சீர்வரிசைப் பாத்திரங்களை மேலே ஏற்றினார்கள். சுடர்க்கொடி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தையல்நாயகியும் அழுதாள், நேசமலரும் அழுதாள். கண்டக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அழுறவங்க எல்லாம் ஒரு பக்கமா நின்னு அழுங்கம்மா, ஆள் ஏறணும்" என்றார்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜன்னலோரமாக உட்கார வைத்தார்கள்.

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் போனாள். "ஞாயித்துக்கிழமை உண்டாய்யா?"

"ஞாயித்துக்கிழமை கூடுதலா ஒரு நடை உண்டு தாயி."

"போயிட்டு அன்னைக்கே திரும்பிரலாமா?"

"தாராளமா. மில்லு வாசல்லயே நிறுத்துவோம். கையைக் காட்டுங்க."

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். கப்பல் திரும்புவதற்காக மாவு மில் பக்கம் பின்னால் வந்தது. கண்டக்டர் இறங்கி, பலவேசத்தின் வீட்டுப் படிக்கட்டில் இடிக்காமல் அதன் விலாவைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், ஒடிச்சு வரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, "ரைட்" என்றார்.